பொதுக் காலண்டரை யார் தேர்ந்தெடுப்பது?

அவைத் தலைவர் அவர்களே, பெரிய நிறுவனங்களின் கணினிப் பிரிவுகளைக் கட்டிக்காக்கும் நண்பர்களே, டெண்டர் குழுக்களில் அமர்ந்து கையெழுத்திடும் அதிகாரிகளே, இந்த அரங்கின் பின்வரிசைகளில் அமைதியாக அமர்ந்திருக்கும் நேர்முக உதவியாளர்களே! கடைசியாக விளித்தவர்களைத்தான் முதலில் விளித்திருக்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்ததில் பாதிக்கு மேல் அவர்களைப் பற்றியது.

என் பொருள் இதுதான். ஆயிரக்கணக்கானோர் பணியாற்றும் ஒரு நிறுவனம், பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவந்த பொதுக் காலண்டர் மென்பொருளை விட்டு வேறொன்றுக்கு மாற வேண்டியிருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது? எப்படிச் சோதிப்பது? அதைவிட முக்கியமாக, யாரைக் கேட்டுத் தேர்ந்தெடுப்பது?

இந்தக் கேள்விக்கு இப்போது என்ன அவசரம்? மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்சேஞ்ச் சர்வர் 2016, 2019 ஆகிய இரு பதிப்புகளுக்குமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. சொந்தக் கட்டடத்தில் சொந்த சர்வர் வைத்து அஞ்சலும் காலண்டரும் நடத்திவந்த அலுவலகங்கள் உலகெங்கும் இப்போது ஏதோ ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். லோட்டஸ் நோட்ஸ் வைத்திருந்தவர்கள் இதை முன்பே அனுபவித்தவர்கள். அந்த மென்பொருள் 2019-இல் ஐபிஎம் கையிலிருந்து எச்சிஎல் கைக்கு மாறியது. நம் மத்திய அரசையே பாருங்கள். 12 லட்சத்துக்கும் மேற்பட்ட பணியாளர்களின் மின்னஞ்சல் கணக்குகள் சென்னையை மையமாகக் கொண்ட சோஹோவின் தளத்துக்கு மாற்றப்பட்டுள்ளன. மாறுவதா வேண்டாமா என்ற விவாதம் பல இடங்களில் முடிந்துவிட்டது. எப்படி மாறுவது என்பதுதான் இப்போது மேசைமேல் இருக்கும் கோப்பு.

நண்பர்களே, ஒரு பெரிய மாற்றத்தை முதலில் உங்கள் முன் வைக்கிறேன். வட ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் என்றொரு மாநிலம். கீல் நகரம் அதன் தலைநகர். அங்கே அரசு அலுவலகங்கள் அவுட்லுக்கையும் எக்ஸ்சேஞ்சையும் விட்டு, ஓப்பன்-எக்ஸ்சேஞ்ச் என்ற சர்வர் மென்பொருளுக்கும் தண்டர்பேர்டு என்ற அஞ்சல் மென்பொருளுக்கும் மாறின. முதலமைச்சர் அலுவலகம், அமைச்சகங்கள், நீதித்துறை, மாநிலக் காவல்துறை எல்லாம் மாறின. 40,000-க்கும் மேற்பட்ட அஞ்சல் பெட்டிகள். 10 கோடிக்கும் அதிகமான மின்னஞ்சல்களும் காலண்டர் பதிவுகளும். ஏறக்குறைய ஆறு மாதத்தில் மாற்றி, 2025 அக்டோபர் தொடக்கத்தில் பணி முடிந்ததாக அறிவித்தார்கள். ஒரே நிறுவனத்தின் பிடியில் அரசு நிர்வாகம் சிக்கிவிடக் கூடாது என்பதற்காக எடுத்த முடிவு அது. பணியாளர்களிடமிருந்து புகார்கள் எழாமல் இல்லை. எழத்தான் செய்தன. ஆனாலும் அந்தத் துணிவை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

அந்த 10 கோடியில் மின்னஞ்சலையும் காலண்டர் பதிவையும் ஒரே மூட்டையாகக் கட்டி எண்ணியிருக்கிறார்கள். எண்ணுவதற்கு அது சரி. மாற்றும் வேலைக்கு அப்படி எண்ணினால் ஆபத்து. ஏன்? மின்னஞ்சல் வந்து சேர்ந்ததோடு அதன் கதை முடிந்தது. பத்தாண்டுக்கு முந்தைய அஞ்சலைப் புதிய பெட்டிக்கு மாற்றினால், எழுத்துகள் சிதையாமல் வந்ததா என்று பார்த்தால் போதும். காலண்டர் பதிவு அப்படியா? அடுத்த மாதக் கூட்டம் இன்னும் நடக்கவில்லை. அது தள்ளிப்போகலாம். அறை மாறலாம். இருவர் புதிதாகச் சேரலாம். ரத்தாகலாம். அத்தனை மாறுதலும் புதிய மென்பொருளுக்குள் நடக்க வேண்டும். பழைய மென்பொருளில் பிறந்த பதிவு, புதிய மென்பொருளில் உயிரோடு இருக்க வேண்டும்!

கூட்ட அழைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். கல்யாணப் பத்திரிகை ஐந்நூறு வீடுகளுக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் முகூர்த்த நேரம் மாறுகிறது. என்ன செய்வோம்? யார் யாருக்குக் கொடுத்தோம் என்ற பட்டியலை எடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் மறுபடி தகவல் சொல்வோம். காலண்டரிலும் அதுதான் நடக்கிறது. கூட்டத்தைக் கூட்டுபவரிடம் ஒரு பதிவு. அழைக்கப்பட்ட ஒவ்வொருவரிடமும் அதன் நகல். இவற்றை இணைப்பது அந்தப் பதிவுக்கென்றே உருவாகும் ஓர் அடையாளக் குறி. உலகில் வேறெந்தப் பதிவுக்கும் அந்தக் குறி இருக்காது. நேரம் மாறினால், அந்தக் குறியோடுதான் புதுத் தகவல் புறப்படும். அந்தக் குறியைத் தேடித்தான் ஒவ்வொருவர் காலண்டரிலும் போய் உட்காரும்.

மாற்றும்போது அந்தக் குறி தொலைந்தால்? ரத்துச் செய்தி வரும். எதை ரத்து செய்வது என்று காலண்டருக்குத் தெரியாது. பழைய கூட்டம் அங்கேயே நிற்கும். நேரம் மாறிய செய்தி வரும். பழையதைத் திருத்தாமல் பக்கத்திலேயே புதிதாக ஒன்று முளைக்கும். ஒரே கூட்டம் இரண்டாகத் தெரியும். எது உண்மை? யாருக்கும் தெரியாது. இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. கோப்பை இறக்குமதி செய்யும்போது, அதிலுள்ள எல்லாக் கூட்டங்களுக்கும் புதிதாக அழைப்பு அனுப்பிவிடும் கருவிகளும் இருக்கின்றன. காலையில் அலுவலகத்துக்கு வந்தால், முடிந்துபோன கூட்டங்களுக்கெல்லாம் அழைப்பு வந்து குவிந்திருக்கும்.

அடுத்தது, திரும்பத் திரும்ப வரும் கூட்டம். மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை 11 மணி, துறைத் தலைவர்கள் கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். காலண்டருக்குள் இது பன்னிரண்டு பதிவுகளாக இருக்காது. ஒரே பதிவு, ஒரு விதி. 2025 ஜனவரியில் இரண்டாவது செவ்வாய் 14-ஆம் தேதி. அன்று பொங்கல்! அந்த ஒரு நாள் மட்டும் ரத்து. மார்ச்சில் மட்டும் புதன்கிழமைக்கு மாற்றம். ஜூனில் மட்டும் வேறு அறை. இவை அந்த விதியின்மேல் ஏறிய விதிவிலக்குகள். 1998-இல் முதன்முதலில் வெளியாகி, 2009-இல் ஆர்எஃப்சி 5545 என்ற எண்ணில் திருத்தி வெளியிடப்பட்ட ஐகாலண்டர் பொதுத்தரம் இவை எல்லாவற்றுக்கும் முறை வகுத்திருக்கிறது. முறை இருக்கிறது, எல்லா மென்பொருளும் அதை ஒரே மாதிரி பின்பற்றுவதில்லை. விதி வந்துவிடும், விதிவிலக்கு உதிர்ந்துவிடும். பொங்கலன்று ரத்தான கூட்டம் புதிய காலண்டரில் மறுபடி எழுந்து நிற்கும். வருவது பழைய பொங்கல் என்றால் போகட்டும். வரப்போகும் தீபாவளி என்றால்?

நேரக் கணக்கு இன்னொரு தொல்லை. இந்தியாவில் எல்லோருக்கும் ஒரே நேரம். கடிகாரத்தைக் கோடையில் முன்தள்ளும் வழக்கமும் இல்லை. ஆகவே நமக்கு இது உறைப்பதில்லை. ஆனால் சென்னையில் அமர்ந்து நியூயார்க்கோடு பேசும் பிள்ளைகளைக் கேளுங்கள். அங்கே காலை 9 மணிக் கூட்டம், குளிர்காலத்தில் நமக்கு இரவு 7:30. கோடையில் மாலை 6:30. மார்ச்சில் அமெரிக்கா முதலில் கடிகாரத்தை மாற்றும். ஐரோப்பா அந்த மாதக் கடைசி ஞாயிறன்றுதான் மாற்றும். நடுவிலுள்ள நாட்களில் சென்னை, லண்டன், நியூயார்க் மூன்றும் சேர்ந்து பேசும் கூட்டத்தின் கதி என்ன? கூட்டத்தை எந்த ஊர் நேரத்தில் கூட்டினார்கள் என்பதையும் சேர்த்து வைத்திருக்கும் காலண்டர் தப்பும். பொது நேரமாக மாற்றி வெறும் எண்ணாக வைத்திருக்கும் காலண்டர் ஒரு மணி நேரம் தவறும்.

இது வெறும் கற்பனைக் கவலையா? 2007-இல் அமெரிக்கா கோடை நேரத்தைச் சில வாரங்கள் முன்கூட்டியே, மார்ச் 11 அன்று தொடங்கியது. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவு அது. முன்பே குறித்துவைத்த கூட்டங்களையெல்லாம் சரிசெய்ய மைக்ரோசாஃப்ட் தனிக் கருவிகளே வெளியிட வேண்டியிருந்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். இலங்கை 1996-இல் தன் கடிகாரத்தை முன்னே தள்ளியது. 2006 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, அரை மணி நேரம் பின்னே தள்ளி மறுபடி நம் நேரத்துக்கே வந்தது. அரசாங்கம் ஓர் ஆணை போட்டால் கடிகாரம் மாறும். வாங்கப்போகும் காலண்டர் அந்த ஆணையை எத்தனை நாளில் அறிந்துகொள்ளும்? இந்தக் கேள்வி எத்தனை டெண்டரில் இருக்கிறது?

இனி என் பேச்சின் நடுநாயகமான இடத்துக்கு வருகிறேன்.

நான் இதுவரை சொன்ன தேதி, நேரம், விதி, அடையாளக் குறி எல்லாம் ஒரு கோப்பில் அடங்கிவிடும். ஐசிஎஸ் கோப்பு என்கிறோமே, அதில் எல்லாம் இருக்கும். எது அதில் இருக்காது தெரியுமா? யார் யாருடைய காலண்டரைத் திறக்கலாம், யார் யார் சார்பாகக் கூட்டம் வைக்கலாம், யார் வெறும் ஓய்வு நேரத்தை மட்டும் பார்க்கலாம், யார் தலைப்பையும் படிக்கலாம் என்ற அனுமதிகள் அதில் இல்லை. அவை மென்பொருளுக்குள், தனி இடத்தில், ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு விதமாகப் பதிந்திருக்கின்றன. பெரிய நிறுவனத்தின் காலண்டரில் உண்மையான சொத்து அந்த அனுமதிகள்தான் என்று நான் அழுத்திச் சொல்வேன். தேதிகளை மறுபடி தட்டச்சு செய்துகொள்ளலாம். பத்தாண்டுகளாக ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாளில் கொடுத்துவைத்த அனுமதிகளை யார் நினைவில் வைத்திருக்கிறார்?

ஒரு பொது மேலாளரின் பி.ஏ., அதாவது நேர்முக உதவியாளர், காலையில் என்ன செய்கிறார்? முதலில் மேலாளரின் நாளைத் திறக்கிறார். நேற்றிரவு வந்த அழைப்புகளில் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று பார்க்கிறார். நிதி இயக்குநரும் சட்ட ஆலோசகரும் ஒருசேர எப்போது ஓய்வாக இருக்கிறார்கள் என்று தேடுகிறார். ஒரு நேரத்தை உறுதியில்லாமல் பிடித்துவைக்கிறார். அறையைப் பதிகிறார். பதினொன்றரைக்கு மேலாளரை மேலிடம் அழைக்கிறது. மூன்று கூட்டங்களை நகர்த்துகிறார். மதியம் அவரே அரைநாள் விடுப்பு. இந்தப் பொறுப்பு முழுவதையும் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். மேலாளர் இந்தக் காலண்டரைத் தொட்டாரா? தொடவில்லை. கைப்பேசியில் அடுத்தது என்ன என்று பார்த்தார், அவ்வளவுதான்.

அப்படியானால் மென்பொருளைப் பயன்படுத்துவது யார்? பி.ஏ. அதை வாங்கத் தேர்ந்தெடுப்பது யார்? கணினிப் பிரிவும் கொள்முதல் பிரிவும். செயல்விளக்கம் யாருக்குக் காட்டப்படுகிறது? மேலாளருக்கு. பெரிய திரையில் வண்ணவண்ணமாகக் காலண்டர் ஒளிர்கிறது. எல்லோரும் தலையசைக்கிறார்கள். அந்த அறையில் பி.ஏ. எங்கே? தேநீருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தச் செயல்விளக்கக் கூட்டத்துக்கே நேரம் பிடித்துக் கொடுத்தவர் அவர்!

டெண்டர் படிவத்தில் ஒரு வரி இருக்கும்: ‘காலண்டரைப் பிறருடன் பகிரும் வசதி உண்டா?’ எல்லா நிறுவனங்களும் ‘உண்டு’ என்று குறியிட்டு அனுப்பும். பொய்யில்லை, எல்லோரிடமும் உண்டு. ஆனால் ஒரு பி.ஏ.வை அந்தப் படிவத்தை எழுதச் சொல்லுங்கள். அவர் கேட்கும் கேள்விகள் வேறாக இருக்கும். மேலாளருக்கு வரும் அழைப்பு எனக்கும் வருமா, அல்லது நான் அவர் பெட்டிக்குள் போய்த் தேட வேண்டுமா? நான் ஏற்றுக்கொண்டால் எதிர்முனையில் என் பெயர் தெரியுமா, மேலாளர் பெயர் தெரியுமா? அவர் அந்தரங்கம் என்று குறித்த பதிவு எனக்கு எப்படித் தெரியும்? இரண்டு பேர் ஒரே மேலாளரைப் பார்த்துக்கொள்கிறோம். ஒரே நேரத்தில் இருவரும் கை வைத்தால் என்ன ஆகும்? நான் இடமாற்றலாகிப் போனால் என் அனுமதி தானாகப் போகுமா? இந்தக் கேள்விகளுக்கு விடை தராத மென்பொருள் எத்தனை அழகாக இருந்தாலும் பெரிய நிறுவனத்துக்கு உதவாது.

அந்தக் கடைசிக் கேள்வியைச் சற்று நின்று பாருங்கள். நான்காண்டுக்கு முன் வேறு துறைக்குப் போனவர் இன்றும் பழைய தலைவரின் காலண்டரைத் திறந்து பார்க்க முடிகிறது. இது பெரிய நிறுவனங்களில் அரிதான விஷயம் இல்லை. இரகசியம் வெளியாகக் காலண்டரில் வெறும் தலைப்பு போதும். ஒரு பணியாளரின் பெயர், பக்கத்தில் ‘ஒழுங்கு நடவடிக்கை ஆலோசனை’. இன்னொருவர் காலண்டரில் ‘புற்றுநோய் மருத்துவர், 4 மணி’. உள்ளே திறக்கவே வேண்டாம். ஐகாலண்டர் பொதுத்தரம் ஒரு பதிவைப் பொது, அந்தரங்கம், இரகசியம் என மூன்று வகையாகக் குறிக்க வழி தந்திருக்கிறது. அந்தக் குறியைக் கண்டதும் எதை மறைப்பது என்பது ஒவ்வொரு மென்பொருளின் விருப்பம். பழையதில் மறைந்திருந்தது புதியதில் வெளிச்சத்துக்கு வரலாம். மாற்றத்துக்கு மறுநாள் காலை அது தெரியவந்தால், அந்த அவமானத்தை எந்த மென்பொருளாலும் திரும்பப் பெற முடியாது. ஆகவே முதல் நாள் எல்லாம் மூடியிருக்கட்டும். ஓய்வு நேரம் மட்டும் தெரியட்டும். மற்றதை அவரவர் திறந்துகொள்ளட்டும்.

அன்பர்களே, மியூனிக் நகராட்சியின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2003-இல் விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்தார்கள். பத்தாண்டு உழைத்து 2013-இல் மாற்றத்தை முடித்தார்கள். 2017-இல் மறுபடி விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தார்கள். அரசியல் காரணங்கள் பல. அதற்கு நடுவே, 2014-இல் துணை மேயர் யோசஃப் ஷ்மிட் வைத்த குறைகளில் ஒன்றைக் கவனியுங்கள்: அஞ்சல், தொடர்பு முகவரி, சந்திப்பு நேரம் மூன்றையும் ஒன்றாகக் கையாள ஒரே நிரல் இல்லை என்றார். கைப்பேசியில் அஞ்சல் பெறத் தனியாக ஒரு சர்வர் வைக்க வேண்டியிருந்தது என்றார். இயங்குதளம் பற்றிப் பல ஆண்டு விவாதம் நடந்த ஊரில், மேலிடத்தின் சலிப்பு வந்து தட்டிய இடங்களில் ஒன்று சந்திப்பு நேரம்! மேலதிகாரியின் கைப்பேசியில் காலண்டர் ஒழுங்காக வராவிட்டால், அதன் பின்னாலிருக்கும் நல்ல கொள்கைகளும் அடிபடும். இது நியாயமா என்று கேட்டால் நியாயமில்லை. ஆனால் நடப்பது இதுதான்.

இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். லோட்டஸ் 1-2-3 உருவாக்கிய நிறுவனத்தைத் தொடங்கிய மிட்ச் கேப்பர், யாவரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய ஒரு காலண்டரைச் செய்ய வேண்டும் என்று தன் சொந்தப் பணத்தைப் போட்டார். சாண்ட்லர் என்று அதற்குப் பெயர். கெட்டிக்காரர்கள் கூடினார்கள். ஆண்டுகள் ஓடின. ஸ்காட் ரோசன்பெர்க் என்ற பத்திரிகையாளர் அந்தப் போராட்டத்தைப் பற்றி 2007-இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். 2008-இல் முதல் முழுப் பதிப்பு வந்தது; ஊன்றி நிற்கவில்லை. அந்தக் குழுவில் பணியாற்றிய லிசா டுசோ, சைரஸ் டபூ, பெர்னார்ட் தேரூய்சோ ஆகியோரோடு சேர்ந்து எழுதிய கால்டேவ் என்ற காலண்டர்ப் பொதுத்தரம் 2007 மார்ச்சில் வெளியானது. சாண்ட்லரை இன்று தேடிப் பிடிக்க வேண்டும். கால்டேவ் உங்கள் கைப்பேசிகளில் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. மென்பொருள் போய்விட்டது, தரம் நின்றுவிட்டது.

இதை ஏன் சொல்கிறேன்? இன்று வாங்கும் மென்பொருளும் ஒரு நாள் போகும். விலை ஏறலாம், கம்பெனி கைமாறலாம், ஆதரவு நிற்கலாம். ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆராய்ச்சி மையத்தைக் கல்வி நிறுவனமாகக் கருதித் தன் மென்பொருள்களைக் குறைந்த விலைக்குத் தந்துகொண்டிருந்த மைக்ரோசாஃப்ட், 2019-இல் அந்தச் சலுகையை விலக்கியது. உரிமக் கட்டணம் பத்து மடங்குக்கு மேல் போகும் நிலை வந்தது. செர்ன் என்ன செய்தது? வெளியேறும் வழிகளைத் தேடும் திட்டத்தை ஓராண்டு முன்பே தொடங்கியிருந்தது. இங்கே அமர்ந்திருக்கும் நம்மில் எத்தனை பேருக்கு வெளியேறும் வழி தெரியும்?

சோதனையை எப்படி நடத்துவது என்று கேட்பீர்கள். பளபளப்பான மாதிரித் தரவுகளோடு நடத்தாதீர்கள். நிறுவனத்திலேயே மிக நெரிசலான காலண்டர்கள் பத்தை, உரியவர்களின் ஒப்புதலோடு எடுங்கள். போட்டியில் இருக்கும் மென்பொருள்களில் ஏற்றுங்கள். அவற்றைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர்களை ஒரு வாரம் அதில் வேலை செய்ய விடுங்கள். தொடர் கூட்டத்தில் ஒரு நாளை மட்டும் நகர்த்தட்டும். வெளி நிறுவனத்திலிருந்து வந்த அழைப்பை ரத்து செய்து பார்க்கட்டும். ஒரே அறையை இருவர் ஒரே நிமிடத்தில் பதியட்டும். விடுப்பு எடுத்துப் பொறுப்பை ஒப்படைக்கட்டும். ஐஃபோனிலும் ஆண்ட்ராய்டிலும் ஒன்றுபோல் தெரிகிறதா என்று பார்க்கட்டும். அதன்பின், ஏற்றிய அத்தனையையும் வெளியே எடுத்துப் போட்டியில் இருக்கும் இன்னொரு மென்பொருளில் போட்டுப் பாருங்கள். உள்ளே போவது எல்லா மென்பொருளிலும் எளிது. வெளியே வருவதில்தான் உண்மை தெரியும்.

மாற்றும் வரிசை பற்றியும் ஒரு சொல். பெயரின் முதலெழுத்துப்படி, கட்டடத்தின் மாடிப்படி என்று கணினிப் பிரிவின் வசதிக்கு மாற்றாதீர்கள். ஒருவரோடொருவர் அதிகம் கூடுபவர்கள் ஒன்றாக மாற வேண்டும். இயக்குநர் புதிய காலண்டரிலும் அவர் பி.ஏ. பழையதிலும் ஒரு வார இறுதியைக் கழித்தால், திங்கள் காலை யாருக்கும் யாருடைய நேரமும் தெரியாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இங்கிருந்து போனதும் உங்கள் தேர்வுக் குழுவின் உறுப்பினர் பட்டியலைத் திறந்து பாருங்கள். அதில் உதவியாளர்கள் எத்தனை பேர்? ஒருவரும் இல்லையென்றால், குறைந்தது மூன்று பேரைச் சேருங்கள். மதிப்பெண் போடும் உரிமையோடு சேருங்கள். அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் மென்பொருளை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்காதீர்கள். பின்வரிசையில் இருக்கும் சகோதர சகோதரிகளே, அந்தக் குழுவுக்கு உங்களை அழைத்தால் தயங்காமல் போங்கள், கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள்.